ஃபியஸ்டாவைப் பெற்றது எண்ணெய் நெருக்கடியா?

ஐரோப்பியச் சிறு கார்களின் வரலாற்றைச் சொல்வோர் பலரும் 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியிலிருந்து தொடங்குவது வழக்கம். பெட்ரோல் விலை ஏறியது. மக்கள் சிறிய வண்டிகளை நாடினர். நிறுவனங்களும் அவற்றைச் செய்து தந்தன. 1976-இல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு ஃபியஸ்டாவின் முதல் தலைமுறைக்கும் இதே பிறப்புக் கதை சொல்லப்படுகிறது. ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இக்கதை நிலைப்பதில்லை. அந்த வண்டியை உருவாக்கும் பணிக்கு இரண்டாம் ஹென்றி ஃபோர்டு இசைவளித்தது 1972 செப்டம்பரில். அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்ததோ 1973 அக்டோபரில். விளைவு காரணத்திற்கு ஓராண்டு முந்திப் பிறக்க இயலாது.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். 1959-இலேயே பிரிட்டனில் மினி வந்துவிட்டது. அதற்கு எதிராக ஒரு சிறு வண்டியை இறக்க ஃபோர்டு ஏன் இத்தனை ஆண்டுகள் தயங்கியது?

விடை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. மினி வெளியானதும் ஃபோர்டு பொறியாளர்கள் ஒன்றை வாங்கி, திருகு திருகாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்திற்கும் அடக்கவிலை கணித்தனர். அதன் தயாரிப்பாளர் ஒரு வண்டிக்கு ஏறத்தாழ 30 பவுண்டு இழக்கிறார் என்பது அவர்கள் எட்டிய முடிவு என்று வாகன வரலாற்று நூல்கள் கூறுகின்றன. சிறு வண்டி சிறு இலாபமே தரும் என்ற கருத்து இரண்டாம் ஹென்றி ஃபோர்டின் பெயராலேயே வழங்குகிறது. பொருளைச் சிறிதாக்கினால் விலை குறையும். ஆனால் இயந்திரம், பல்சக்கரப் பெட்டி, பிரேக், உழைப்பு ஆகியவற்றின் செலவு அதே விகிதத்தில் குறைவதில்லை. தயக்கத்தின் வேர் இதுவே.

1970-களின் தொடக்கத்தில் இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது பொறியியல் சார்ந்தது. மினியில் பல்சக்கரப் பெட்டி இயந்திரத்திற்கு அடியில், அதே எண்ணெயில் அமைந்திருந்தது. ஃபியட் நிறுவனத்தின் தாந்தே ஜியாகோசா அதை இயந்திரத்தின் பக்கத்தில், ஒரே நேர்க்கோட்டில் வைத்தார். 1964-இல் ஆட்டோபியாங்கி ப்ரிமுலாவில் தொடங்கிய இந்த அமைப்பு, 1971-இல் ஃபியட் 127-இல் சிறு வண்டிக்கும் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டே ரெனோ 5 வெளிவந்தது. எஸ்கார்ட்டை விடச் சிறிய வண்டி கைவசம் இல்லாத ஃபோர்டு, தென்னைரோப்பியச் சந்தையைப் பிறருக்கு விட்டுக்கொடுத்து நின்றது.

‘பாப்கேட்’ என்ற மறைபெயரில் தொடங்கிய பணிக்கு விதிக்கப்பட்ட இலக்குகள் கவனிக்கத்தக்கவை. தயாரிப்புச் செலவு எஸ்கார்ட்டை விட 100 டாலர் குறைய வேண்டும். சக்கர இடைவெளி ஃபியட் 127-ஐ மிஞ்ச வேண்டும். மொத்த நீளம் எஸ்கார்ட்டை விடக் குறைய வேண்டும். வடிவம் இதற்குப் பின்னரே வந்தது. தூரினில் இருந்த கியா கூடத்தில் டாம் ஜார்டா முன்வைத்த வரைவு, ஃபோர்டின் ஐரோப்பிய வடிவமைப்புக் கூடங்களோடு இணைந்து செம்மை பெற்றது. கொலோனிலும் இங்கிலாந்தின் டன்டனிலும் இருந்த பொறியாளர்கள் பணியைப் பகிர்ந்துகொண்டனர். புதிய இயந்திரம் வடிக்காமல், பழைய கென்ட் இயந்திரத்தையே குறுக்கி, அதன் சுழல்தண்டைத் தாங்கும் ஐந்து தாங்கிகளை மூன்றாக்கினர். 957, 1117 கன செ.மீ. இயந்திரங்கள் அவ்வாறு பிறந்தவை.

இரண்டாவது மாற்றம் அரசியல் சார்ந்தது. பிராங்கோ ஆட்சியின் ஸ்பெயின், அந்நிய வாகன நிறுவனங்களுக்கு அதுவரை வைத்திருந்த விதிகளை 1972-இல் தளர்த்தியது. ஆலை முழுவதும் ஃபோர்டுக்கே சொந்தமாக இருக்கலாம். ஆனால் உற்பத்தியில் மூன்றில் இரு பங்கு ஏற்றுமதியாக வேண்டும். உள்நாட்டு விற்பனை முந்தைய ஆண்டுச் சந்தையில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஃபியஸ்டா ஒரு நாட்டின் வண்டியாக இல்லாமல் கண்டத்தின் வண்டியாக அமைந்ததில் இந்த நிபந்தனைக்கும் பங்குண்டு. வாலென்சியாவுக்கு அருகே, ஆரஞ்சுத் தோட்டங்கள் சூழ்ந்த அல்முசாஃபெஸ் ஊரில் ஆலை எழுந்தது. பிராங்கோ 1975 நவம்பரில் மறைந்தார். 1976 அக்டோபரில் ஆலையைத் திறந்துவைத்தவர் மன்னர் ஹுவான் கார்லோஸ். சர்வாதிகாரம் வரைந்த ஒப்பந்தம், மக்களாட்சியை நோக்கி நடக்கத் தொடங்கிய நாட்டில் நடைமுறைக்கு வந்தது.

பெயரும் இந்தப் பின்னணியோடு பொருந்துகிறது. நிறுவனத்திற்குள் ‘ப்ராவோ’ என்ற பெயருக்கே ஆதரவு மிகுதி. இரண்டாம் ஹென்றி ஃபோர்டு அதை ஒதுக்கி, திருவிழாவைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லைத் தேர்ந்தார். அப்பெயரின் உரிமை போட்டியாளரான ஜெனரல் மோட்டார்ஸிடம் இருந்தது. அந்நிறுவனம் விலையின்றி விட்டுக்கொடுத்தது.

அப்படியானால் எண்ணெய் நெருக்கடிக்குப் பங்கே இல்லையா? உண்டு. உற்பத்திக்கான இறுதி இசைவு 1973-இன் இறுதியில் கிடைத்தது, எஞ்சியிருந்த தயக்கத்தை நெருக்கடி தீர்த்தது, வாங்குவோரையும் ஆயத்தப்படுத்தியது. 1979-இன் தொடக்கத்திலேயே பத்து இலட்சம் வண்டிகள் உருவாகியிருந்தன. ஆனால் விதைத்த கையும் பெய்த மழையும் ஒன்றல்ல. அடக்கவிலை, கடன்பெற்ற ஓர் அமைப்பு, ஓர் அரசாணை ஆகிய மூன்றுமே விதைத்தவை.

1999-இல் சென்னையை அடுத்த மறைமலைநகரில் உருவான ஃபோர்டு ஐகான், ஃபியஸ்டாவின் நான்காம் தலைமுறைக்குத் தனி டிக்கி பொருத்திய வடிவமே. அதை ஓட்டியவர்களுக்கு இந்த வரலாறு அயலாருடையது அன்று. 2023 சூலையில் கொலோனில் ஃபியஸ்டாவின் உற்பத்தி நின்றது. அதே ஆலையில் பின்னர் உருவானது அதைவிடப் பெரிய, விலை மிகுந்த மின்வண்டி. மினியைப் பிரித்துப் போட்டு எழுப்பிய அந்தப் பழைய கேள்விக்கு, சிறு வண்டி வாங்குவோருக்குச் சாதகமான விடை கிடைத்த காலம் 47 ஆண்டுகள் மட்டுமே.