தலீப் சிங் சௌந்த்: அமெரிக்க நாடாளுமன்றத்தில் இடம்பெற்ற முதல் இந்திய வம்சாவளி உறுப்பினர்

அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட, ஆசிய வம்சாவளியைச் சேர்ந்த முதல் அமெரிக்கர் தலீப் சிங் சௌந்த் ஆவார். ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த இவர், கலிபோர்னியா மாகாணத்தின் 29-வது தொகுதி சார்பில் 1957 முதல் 1963 வரை மூன்று முறை உறுப்பினராகப் பதவி வகித்தார்.

பிறப்பும் கல்வியும்

பஞ்சாபின் அமிர்தசரஸ் மாவட்டத்தில் 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி சௌந்த் பிறந்தார். பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் பட்டம் பெற்ற இவர், உணவுப் பதப்படுத்துதல் குறித்துப் பயில்வதற்காக 1920-ஆம் ஆண்டு அமெரிக்கா சென்றார். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பின்னர் கணிதப் பாடத்திற்கு மாறி, 1924-ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார்.

மறுக்கப்பட்ட குடியுரிமை

இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1923-ஆம் ஆண்டு தீர்ப்பளித்திருந்தது. குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் விவசாய நிலத்தைச் சொந்தமாக வைத்திருக்க கலிபோர்னியா சட்டமும் தடை விதித்தது. இந்நிலையில், முனைவர் பட்டம் பெற்றிருந்தும் சௌந்த் இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயத்தில் ஈடுபட்டார்.

இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கக் கோரி அவர் தீவிரமாகப் பிரசாரம் மேற்கொண்டார். இதற்கு வழிவகுத்த லூஸ்-செல்லர் சட்டத்தில் அதிபர் ஹாரி ட்ரூமன் 1946-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி கையெழுத்திட்டார். சௌந்த் 1949-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் தேதி அமெரிக்கக் குடிமகன் ஆனார்.

தேர்தல் களம்

வெஸ்ட்மோர்லேண்ட் நகர நீதிபதி பதவிக்கு 1950-ஆம் ஆண்டு நடைபெற்ற தேர்தலில் அவர் வெற்றி பெற்றார். எனினும், குடியுரிமை பெற்று ஓராண்டு நிறைவடையவில்லை எனக் கூறி அப்பதவி அவருக்கு மறுக்கப்பட்டது. 1952-ஆம் ஆண்டு மீண்டும் போட்டியிட்டு அதே பதவியைக் கைப்பற்றினார்.

1956-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளரும் புகழ்பெற்ற பெண் விமானியுமான ஜாக்குலின் காக்ரனை சௌந்த் தோற்கடித்தார். பிரதிநிதிகள் சபை உறுப்பினராக 7 ஆண்டுகள் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும் என்பது அமெரிக்க அரசமைப்புச் சட்ட விதி. 1957-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி அவரது பதவிக்காலம் தொடங்கியபோது, அந்த 7 ஆண்டுகள் நிறைவடைந்து 18 நாட்களே ஆகியிருந்தன.

வெளியுறவுக் குழுவில் இடம்பெற்ற அவர், 1957-ஆம் ஆண்டு இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் சுற்றுப்பயணம் மேற்கொண்டார். அதே ஆண்டு நிறைவேறிய சிவில் உரிமைகள் சட்டத்தையும் ஆதரித்தார்.

இறுதிக் காலம்

1962-ஆம் ஆண்டு மே மாதம் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட சௌந்த், அவ்வாண்டு நடைபெற்ற தேர்தலில் தோல்வியடைந்தார். 1973-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் தேதி காலமானார். கலிபோர்னியாவின் டெமெகுலா நகரில் உள்ள அஞ்சல் நிலையத்திற்கு அவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.

சௌந்துக்குப் பின்னர், மற்றொரு இந்திய வம்சாவளியினரான பாபி ஜிண்டால் அச்சபையில் இடம்பெற 2005-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.