முஅல்லிமும் மாலுமியும்

தாம்பரத்திலிருந்து கடல் தெரிவதில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது படகுகள் தெருவுக்கே வந்தன. அந்நாள்களைத் தவிர்த்தால், இப்பகுதியில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அரபு இலக்கணமும் தமிழும் கற்பித்துவரும் நமக்கும் படகுக்கும் யாதொரு தொடர்பும் இருந்ததில்லை.

அந்த நிலையில்தான் 2024 அக்டோபரில், நம்மிடம் முன்பு ஓதிய மாணவர் ஒருவர் கோவளத்திலிருந்து வந்தார். சிறிய பாய்ப்படகு ஒன்றைச் சொந்தமாக்கிக்கொண்டவர். “ஹஜ்ரத், இவ்வருஷம் நாகூர்க் கந்தூரிக்குக் கடல் வழியாகவே போகலாமென்று நிய்யத்து வைத்திருக்கிறேன். கொடியேற்றம் டிசம்பர் தொடக்கத்தில் வருகிறது. இரண்டு மூன்று நாள் முன்பாகப் புறப்பட்டால் போதும். அரபுக் கிதாபுகளில் கடலோட்டம் பற்றி எழுதியிருக்கிறார்களாமே, பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்.

கேட்டது சிறிய கேள்வி. நம்மைப் பல இரவுகள் விழிக்க வைத்துவிட்டது.

முதலில் ஒரு சொல்லைக் கவனிப்போம். கப்பலோட்டியைத் தமிழில் மாலுமி என்கிறோம். இது ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு. முஅல்லிம் என்றால் கற்பிப்பவர், ஆசிரியர். அரபுக்கடல் முழுவதும் கப்பலுக்கு வழிகாட்டியவருக்கு அதுவே பட்டம். 1498-இல் வாஸ்கோட காமாவைக் கிழக்காப்பிரிக்காவின் மலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்கு அழைத்து வந்த வழிகாட்டியைப் போர்த்துக்கீசிய ஆசிரியர் பாரோஸ் ‘மலெமோ’ என்று குறிக்கிறார். அதுவும் இச்சொல்லே. அந்த வழிகாட்டி இப்னு மாஜித்தான் என்று நம் மேடைகளில் இன்றும் பேசப்படுகிறது. பாரோஸோ அவரைக் குஜராத்து முஸ்லிம் என்கிறார். இக்கால ஆய்வாளர் பலரும் இப்னு மாஜித் கதையை ஏற்பதில்லை. அப்பெரியாருக்குப் புகழ் சேர்க்க இந்தக் கதை தேவையுமில்லை.

அஹ்மத் இப்னு மாஜித் இன்றைய ராஸ் அல் கைமாவாகிய ஜுல்பாரில் பிறந்தவர். தந்தையும் பாட்டனாரும் முஅல்லிம்களே. ஹிஜ்ரி 895-இல், அதாவது 1490-ஐ ஒட்டி, ‘கிதாபுல் பவாயித்’ என்னும் பெருநூலை முடித்தார். அவருக்கு அடுத்த தலைமுறையில் சுலைமான் அல் மஹ்ரீ எழுதினார். இவர்கள் நம் சோழமண்டலக் கரையைச் ‘சூலியான்’ என்றனர். சோழர் பெயரே அரபு நாவில் அப்படியாயிற்று. பினாங்கிலுள்ள சூலியாத் தெருவிலும் அப்பெயரே வாழ்கிறது.

கடலோட்டத்தை இப்னு மாஜித் மூவகையாகப் பிரிக்கிறார். அவற்றுள் கரையைப் பற்றியே செல்வது ‘தீரத்துல் மூல்’. நட்சத்திரத் திசையை நம்பிப் பெருங்கடலைக் குறுக்கே கடப்பது ‘தீரத்துல் மத்லக்’. நம் மாணவரின் பயணம் முதல் வகை. கரை கண்ணில் படும் பயணம் எளிது என்று நிலத்தில் வாழ்பவர் நினைப்போம். உண்மை வேறு. கப்பலை உடைப்பது பெரும்பாலும் கரைதான், நடுக்கடலன்று.

கணக்கைப் பார்ப்போம். முஅல்லிம்கள் வானின் உயரத்தை ‘இஸ்பஉ’ என்னும் விரலால் அளந்தார்கள். கையை நீட்டி, அடிவானத்துக்கும் துருவ நட்சத்திரமாகிய ஜாஹுக்கும் இடையே எத்தனை விரல் என்று காண்பது. பின்னர் முடிச்சிட்ட நூலில் கோத்த சிறு பலகை விரலின் வேலையைச் செய்தது. வட்டம் முழுவதற்கும் 224 விரல். ஆக ஒரு விரல் ஏறத்தாழ 1 பாகை 36 கலை. ஒரு விரலளவு வடக்கோ தெற்கோ செல்ல எட்டு ‘ஸாம்’. ஒரு ஸாம் என்பது மூன்று மணி நேர ஓட்டம். கோவளத்துக்கும் நாகூருக்கும் இடையே அட்சரேகை வேறுபாடு ஏறக்குறைய 2 பாகை, ஒன்றேகால் விரல். அதாவது பத்து ஸாம், முப்பது மணி நேரம். இக்காலக் கணக்கில் 120 கடல் மைல். பழைய ஸாமும் இன்றைய மைலும் இவ்வளவு நெருங்கி நிற்பதைக் கண்டபோது, நள்ளிரவில் தனியே உட்கார்ந்து நாம் சிரித்ததை மறைப்பானேன்!

ஆனால் இதே கணக்கு வேறொன்றையும் சொல்கிறது. ஆடும் சிறு படகில் அரை விரல் பிழைப்பது பெரிதல்ல. அரை விரல் பிழைத்தால், கோவளத்துக்கும் புதுச்சேரிக்கும் உள்ள தூரம் அளவுக்குப் பிழைத்துவிடும். ஆகவே இத்தகைய பயணத்தில் நட்சத்திரம் துணை மட்டுமே. கரை அடையாளங்களும் ஆழம் பார்க்கும் ஈயக்குண்டுமே வழிகாட்டிகள். இந்த அடையாளங்களை ‘இஷாராத்’ என்பர். நாமும் ஒரு வரிசை எழுதினோம்: மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில், விலகியே செல்ல வேண்டிய கல்பாக்கம் அணுமின் நிலையம், பாலாற்று முகத்துவாரம், ஆலம்பரைக் கோட்டை, புதுச்சேரி, கடலூர், மஹ்மூது பந்தர் எனப்பட்ட பரங்கிப்பேட்டை, கொள்ளிடத்தின் மணல் திட்டுகள், 1620-இல் டேனியர் வந்திறங்கிய தரங்கம்பாடி, காரைக்கால். இறுதியில் தஞ்சை மன்னர் பிரதாபசிங் எழுப்பிய, 131 அடி உயரமுள்ள நாகூர்ப் பெரிய மினாரா. வானம் தெளிந்திருந்தால் அது ஏறத்தாழ ஒரு ஸாம் தூரத்திலேயே தலைகாட்டத் தொடங்கும்.

இவ்வரிசையில் இயற்கைத் துறைமுகம் ஒன்றேனும் உண்டா? இல்லை. எல்லாம் திறந்த கரை, அல்லது மணல் அடைத்த ஆற்றுவாய். கடல் கொந்தளிக்கும்போது, அதாவது ஒதுங்குமிடம் மிகத் தேவைப்படும்போது, ஆற்றுவாயில் அலை உடைந்து உள்ளே நுழையவொட்டாது. கோவளமே ஒரு சான்று. ‘சஆதத் பந்தர்’ என்று ஆர்க்காட்டு நவாபுகள் காலத்தில் பெயர் பெற்றது, ஆஸ்டெண்டு கம்பெனியார் பண்டகசாலை வைத்தனர், கோட்டை எழுந்தது, 1752-இல் கிளைவ் அதைப் பிடித்துத் தகர்த்தார். இத்தனை பேர் வந்து போயும் அங்கே கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரமிட்டன.

ஒதுங்க இடமில்லாத கரையில் ஒதுங்குவதற்கு இருப்பது காலம் ஒன்றே. ‘மவ்ஸிம்’ என்று முஅல்லிம்கள் இதற்கொரு தனி அத்தியாயமே வகுத்தார்கள். ஐரோப்பியர் பருவமழைக்கு வழங்கும் ‘மான்சூன்’ அதிலிருந்து பிறந்ததே. இதை அறிந்தும் மதியாதவர் பட்டதை இக்கரையே கண்டிருக்கிறது. 1746 செப்டம்பரில் சென்னைக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே, அக்டோபர் நடுவிலும் தம் கப்பல்களைச் சென்னைக் கடலிலேயே நிறுத்தியிருந்தார். ஓரிரவுப் புயலில் கப்பற்படை சிதறியது. கோட்டையை வென்றவர் கடலிடம் தோற்று இந்தியாவை விட்டே சென்றார். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை இக்கரையில் கப்பல் நிறுத்தலாகாது என்பது ஆங்கிலக் கம்பெனியார் அறிந்து கைக்கொண்ட வழக்கம்.

இனி நம் மாணவர் குறித்த நாளுக்கு வருவோம். கந்தூரி ஜமாதுல் ஆகிர் பிறையைப் பின்பற்றுவது. பிறைக்கணக்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய பதினொரு நாள் முன்னே நகரும், காற்று நகராது. ஐந்து வேளை தொழுத, பிறை பார்த்து நோன்பு நோற்ற முஅல்லிம்கள், கப்பல் புறப்படும் நாளை மட்டும் ஹிஜ்ரி மாதத்தால் குறிக்கவில்லை. பாரசீகரின் நைரூஸ் ஆண்டை எடுத்துக்கொண்டு, நைரூஸிலிருந்து இத்தனையாம் நாள் என்று எண்ணினார்கள். வணக்கத்துக்கு ஒரு பஞ்சாங்கம், காற்றுக்கு ஒரு பஞ்சாங்கம். இதில் அவர்களுக்குக் கூச்சமே இருந்ததில்லை.

“நீர் போகும் இடம் சரி, நாள் தவறு. கந்தூரிக்கு ரயிலில் போம், படகில் தை மாதம் போம்” என்றோம். மாணவரின் முகம் வாடிற்று. கோவளத்து முதிய மீனவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் கிதாபு பாராதவர். “கார்த்திகையில் கொண்டல் எப்போது திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? தையில் வாடை நிலைத்து வீசும், வன்னி வெள்ளமும் தெற்கே இழுத்துக்கொண்டு போகும்” என்றார். வன்னி என்பது வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டம். எதிர்த்திசையில் ஓடுவது தெண்டி. இப்னு மாஜிதும் இவரும் சந்தித்திருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேலை நமக்குச் சிறிதளவே இருந்திருக்கும்.

மாணவர் படகை மணலில் ஏற்றிவைத்தார். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரை கடந்தது. அவர் முதலில் குறித்திருந்த நாளும் அதுவே.

மரக்கலம் தரையில் நிற்கும்போதே அதன் குறைகளைப் பார்த்து எழுதிவைக்க வேண்டும் என்பது ‘பவாயித்’ கூறும் அறிவுரைகளுள் ஒன்று. காத்திருந்த நாள்களில் மாணவர் அதைச் செய்தார். பதினொரு குறைகள் எழுதினார்; சுக்கானைத் தாங்கும் இரும்பில் வெடிப்பு இருந்தது ஏழாவது.

2025 ஜனவரி இறுதியில், கோவளத்து மீனவர் இருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, கடலோரக் காவலரிடம் தகவல் கொடுத்து, ஒரு விடியற்காலையில் புறப்பட்டார். மறுநாள் பிற்பகல் நாம் வகுப்பில் இருந்தபோது தொலைபேசி ஒலித்தது. “ஹஜ்ரத், மினாரா தெரிகிறது” என்றார். கடிகாரத்தைப் பார்த்தோம். பதினோராவது ஸாம் நடந்துகொண்டிருந்தது.