கோப்பை இல்லாத அணியின் கதை: சந்தோஷ் டிராபியும் தமிழ்நாடும்

ஸ்பெயின் கால்பந்து என்றால் நமக்கு பார்சிலோனா, ரியல் மாட்ரிட் என்ற இரண்டு பெயர்கள்தான் உடனே வரும். ஆனால் அந்த நாட்டில் கிளப் அணிகளும் தேசிய அணியும் போக இன்னொரு வகை அணியும் உண்டு. அதுதான் வட்டார அணி. பாஸ்க், கட்டலோனியா, கலீசியா என்று ஒவ்வொரு பகுதிக்கும் தனி அணி, தனிச் சட்டை, தனிக் கொடி. 1915-லேயே இந்த வட்டார அணிகளுக்காக 'ஆஸ்டூரியாஸ் இளவரசர் கோப்பை' என்று ஒரு போட்டி தொடங்கினார்கள். சுமார் பத்து வருடம் நடந்து அது நின்று போனது.

அதற்குப் பிறகு வட்டார அணிகளுக்கு வேறு ஒரு அர்த்தம் வந்துவிட்டது. உள்நாட்டுப் போரின் நடுவே 1937-ல் பாஸ்க் அணி பாரிஸுக்குப் போய் முதல் ஆட்டத்தை ஆடியது. தேதி ஏப்ரல் 26. அதே நாளில்தான் பாஸ்க் மக்களின் கெர்னிகா நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. அந்த வீரர்கள் சோவியத் யூனியன் வரை சுற்றி, கடைசியில் மெக்சிகோ போய், 1938-39-ல் அங்குள்ள லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தார்கள். சொந்த ஊர் கைவிட்டுப் போன பிறகும் அணி மட்டும் உயிரோடு இருந்தது!

சரி, நம் ஊரில் இப்படி வட்டார அணி உண்டா? உண்டு. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் மாநில அணி. அந்த அணிகள் மோதும் போட்டிதான் சந்தோஷ் டிராபி. இந்தக் கட்டுரையில் தமிழ்நாடு அணியின் கதையைப் பார்ப்போம். அது ஒரு விசித்திரமான கதை. தமிழ்நாடு இந்தக் கோப்பையை வென்றதே இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வென்ற கதைகளில் எல்லாம் தமிழ்நாடு எங்காவது ஒரு மூலையில் இருக்கிறது.

'சந்தோஷ்' என்பது ஒரு ஊர்

சந்தோஷம் என்ற சொல்லுக்கும் இந்தக் கோப்பைக்கும் சம்பந்தம் இல்லை. சந்தோஷ் என்பது இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் ஒரு ஊர், பழைய ஜமீன். அந்த ஜமீனின் மகாராஜா சர் மன்மதநாத் ராய் சௌத்ரி, கல்கத்தாவில் இருந்த இந்தியக் கால்பந்து சங்கத்தின் தலைவராக இருந்தவர். அவர் மறைவுக்குப் பிறகு அவர் நினைவாகக் கோப்பை செய்து 1941-ல் போட்டியைத் தொடங்கினார்கள். முதல் பட்டம் வங்காளத்துக்கு. 2024 டிசம்பர் 31 அன்று ஹைதராபாத்தில் கேரளாவை 1-0 என்று வென்றபோது அது வங்காளத்தின் 33-வது பட்டம்.

இரண்டாவதாக வரும் அணிக்கும் ஒரு கோப்பை உண்டு. பெயர் கமலா குப்தா டிராபி. தமிழ்நாட்டுக்கு அந்தக் கோப்பையோடுதான் பழக்கம் அதிகம். அதற்குப் பிறகு வருவோம்.

கோடு மாறினால் அணியும் மாறும்

எங்கள் தென்காசியிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் போனால் செங்கோட்டை. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் அது திருவாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அதாவது அன்று தென்காசியில் பிறந்த பையன் நன்றாகப் பந்து விளையாடினால் சென்னை மாநில அணி. செங்கோட்டையில் பிறந்தவன் விளையாடினால் திருவாங்கூர்-கொச்சி அணி. இரண்டு ஊரிலும் அதே சாரல், அதே காற்று, அதே தமிழ்தான். ஆனால் சட்டை வேறு.

மொழிவழி மாநிலங்கள் பிரிந்த அந்த நாளில் செங்கோட்டையும் கன்னியாகுமரித் தாலுகாக்களும் நம் பக்கம் வந்தன. மலபார் மாவட்டம் கேரளாவுக்குப் போனது. கால்பந்துக் கண்ணோட்டத்தில் பார்த்தால் இது மிகப்பெரிய கொடுக்கல் வாங்கல்! கோழிக்கோடு, கண்ணூர், மலப்புரம் பகுதி மக்களுக்குக் கால்பந்து என்றால் உயிர். அது முழுக்க அந்தப் பக்கம் போய்விட்டது. பதிலுக்கு நமக்கு வந்தது குமரிக் கடற்கரை. தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை என்று அந்த மீனவக் கிராமங்களில் கடற்கரை மணலே மைதானம். இந்திய அணிக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர்தான்.

இந்த வரைபட விளையாட்டு நமக்கு மட்டும் நடந்ததல்ல. ஹைதராபாத் 1956-லும் 1957-லும் அடுத்தடுத்து சந்தோஷ் டிராபியை வென்றது. பிறகு அதே கோப்பையை 1965-ல் ஆந்திரப் பிரதேசம் என்ற பெயரில் வென்றார்கள். மைசூர் என்ற பெயரில் நான்கு முறை வென்ற அணி, கர்நாடகா என்ற பெயரில் முதல்முறை வெல்ல 2023 வரை காத்திருந்தது. அதுவும் எங்கே? சவூதி அரேபியாவின் ரியாத்தில்! 54 வருடக் காத்திருப்பு அது. மாநில அணி என்பது சட்டசபையும் நாடாளுமன்றமும் வரையும் கோட்டின் நிழல் மாதிரி. கோடு நகர்ந்தால் நிழலும் நகரும்.

தஞ்சாவூர்க்காரர் வாங்கித் தந்த கோப்பை

1972-73-ல் தமிழ்நாடு முதல்முறையாகத் தமிழ்நாடு என்ற பெயரில் இறுதிப் போட்டிக்குப் போனது. மாநிலத்துக்கு அந்தப் பெயர் வந்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. எதிரே வங்காளம். தோல்வி. கையில் கமலா குப்தா டிராபி.

அடுத்த போட்டி 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் கேரளாவும் ரயில்வேயும் மோதின. கேரள கேப்டன் மணி மூன்று கோல் போட்டார். 3-2 என்று கேரளா தன் முதல் சந்தோஷ் டிராபியை வென்றது. அந்த நாளை மலையாளிகள் இன்றும் பேசுகிறார்கள்.

ஆனால் அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் யார் தெரியுமா? சைமன் சுந்தர்ராஜ். தஞ்சாவூர்த் தமிழர்!

1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா பெரு நாட்டிடம் 3-1 என்று தோற்றது. அந்த ஒரு கோலைப் போட்டவர் சைமன் சுந்தர்ராஜ். அதன் பிறகு இந்திய ஆண்கள் கால்பந்து அணி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவே இல்லை. ஆக ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட கடைசி கோல் ஒரு தமிழரின் காலிலிருந்து போனது. அப்படிப்பட்டவர் பக்கத்து மாநிலத்துக்கு முதல் கோப்பையை வாங்கித் தந்தார். அவர் பிறந்த மாநிலத்தின் அலமாரியில் அந்தக் கோப்பை இன்றுவரை இல்லை.

கோவையில் ஒரு கேரளக் கொண்டாட்டம்

1973-க்குப் பிறகு கேரளாவும் நீண்ட காலம் காத்திருந்தது. எண்பதுகளின் கடைசியில் இறுதிப் போட்டி வரை வருவதும் தோற்பதுமாக இருந்தார்கள். அந்தச் சாபம் தீர்ந்த இடம் நம் கோயம்புத்தூர். 1991-92 போட்டியின் இறுதி ஆட்டம் அங்கேதான். கோவாவை 3-0 என்று கேரளா வென்றது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஒரு மணி நேரத்தில் வந்துவிடும் ஊர். சொந்த மண்ணில் ஆடியது போலத்தான் அவர்களுக்கு இருந்திருக்கும்.

அந்த அணியின் கேப்டன் வி.பி. சத்யன். கண்ணூர்க்காரர். கேரள போலீஸ் அணியின் தூண். பின்னாளில் இவர் சென்னைக்கு வந்து இந்தியன் வங்கி அணியில் சேர்ந்தார். 1995-ல் சென்னையில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது இந்திய அணிக்கு சத்யன்தான் கேப்டன். இறுதி ஆட்டத்தில் வங்கதேசத்தை 1-0 என்று வென்று தங்கம். அந்த ஒரே கோலைப் போட்டவர் சபீர் பாஷா, சென்னைக்காரர், இவரும் இந்தியன் வங்கிக்கு ஆடியவர். சந்தோஷ் டிராபியில் எதிர் எதிர் மாநிலங்களின் பிள்ளைகள், வங்கி அணியில் ஒரே சட்டை.

சத்யன் 2006-ல் சென்னையிலேயே காலமானார். வயது நாற்பத்தொன்று. 2018-ல் மலையாளத்தில் 'கேப்டன்' என்று அவரைப் பற்றிப் படமே எடுத்தார்கள். நம் சபீர் பாஷாவைப் பற்றியோ சைமன் சுந்தர்ராஜைப் பற்றியோ தமிழில் யார் படம் எடுப்பார்கள்? அணிக்குக் கோப்பை இல்லை என்பதை விட அணிக்கு நினைவு இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

2012: மறுபடியும் மூன்றுக்கு இரண்டு

நாற்பது வருடம் கழித்து 2012-ல் தமிழ்நாடு மீண்டும் இறுதிக்கு வந்தது. இடம் ஒடிசாவின் கட்டாக். எதிரே சர்வீசஸ் அணி, அதாவது ராணுவத்தினர். முடிவு 3-2, தோல்வி. சர்வீசஸ் அணிக்கு 51 வருடம் கழித்துக் கிடைத்த பட்டம் அது. அதற்குப் பிறகு அவர்கள் நிறுத்தவே இல்லை. 2013, 2015, 2016, 2019, 2024 என்று வென்று கொண்டே போனார்கள். நமக்கு மறுபடியும் கமலா குப்தா டிராபி.

ஏன் வெல்ல முடியவில்லை?

வென்ற அணிகளைப் பாருங்கள். வங்காளத்துக்கு மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று நூறு வயது தாண்டிய கிளப்புகள். சர்வீசஸுக்கு ராணுவம். கேரளாவுக்கு போலீஸ் அணி, டைட்டானியம் தொழிற்சாலை அணி. எல்லாவற்றிலும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. வீரனுக்கு மாதச் சம்பளம். வீட்டில் அடுப்பு எரிந்தால்தான் பையன் மாலையில் மைதானத்துக்குப் போக முடியும். தமிழ்நாட்டிலும் வங்கி, ரயில் பெட்டித் தொழிற்சாலை போன்ற அணிகள் இருந்தன. 1996-ல் தேசிய லீக் தொடங்கியபோது இந்தியன் வங்கி அதில் ஆடியது. ஆனால் இவை பெரும்பாலும் சென்னைக்குள் அடங்கிய உலகம். தென்காசியிலோ தூத்தூரிலோ இருக்கும் பையன் அந்த உலகத்துக்குள் நுழைய ஒரு ராத்திரி ரயில் பயணம் வேண்டும்.

இன்னொரு காரணம், காலம் மாறிவிட்டது. 2014-ல் ஐ.எஸ்.எல். வந்தது. சென்னையின் எஃப்.சி. 2015-லும் 2018-லும் பட்டம் வென்றது. சென்னை சிட்டி அணி கோவையை வீடாக்கி 2018-19-ல் ஐ-லீக் வென்றது. அந்த அணியில் முக்கியமான இடங்களில் ஆடியவர்கள் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள் என்பது வேடிக்கை! பட்டம் வந்த ஊர் தமிழ்நாடு. ஆனால் கிளப்பில் எந்த ஊர்க்காரரும் ஆடலாம். மாநில அணி அப்படி அல்ல, அது உள்ளூரில் என்ன விளைகிறது என்று காட்டும் களத்துமேடு.

கோப்பையைக் கொண்டு வந்தவர்கள்

இதுவரை சொன்னது எல்லாம் ஆண்கள் கதை. இப்போது கதையைத் திருப்பிப் போடுவோம்.

பெண்களுக்கான தேசிய மாநில அணிகள் போட்டியில் மணிப்பூர் என்றால், ஆண்கள் போட்டியில் வங்காளம் மாதிரி. அசைக்கவே முடியாது என்ற பெயர். 2018 பிப்ரவரியில் அதே கட்டாக் நகரில் இறுதிப் போட்டி. தமிழ்நாடும் மணிப்பூரும் மோதின. தமிழ்நாட்டுப் பெண்கள் 2-1 என்று வென்றார்கள்! ஆறு வருடம் முன்னால் ஆண்கள் தோற்றுத் திரும்பிய ஊரிலிருந்து பெண்கள் கோப்பையோடு வந்தார்கள். அடுத்த வருடம் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று வென்று மாநில அணி இரண்டாவது பட்டமும் எடுத்தது.

இந்தப் பெண்களில் பலர் சென்னைக்காரர்கள் அல்ல. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். மேலே சொன்ன சம்பளம் என்ற விஷயம் இங்கே நடந்திருக்கிறது பாருங்கள். சின்ன ஊரில் நல்ல பயிற்சி, கையில் ஒரு அரசு வேலை. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது சாட்சி.

முடிவாக...

பாஸ்க் மக்களுக்கு அவர்கள் அணி, நாங்கள் இருக்கிறோம் என்று உலகத்துக்குச் சொல்லும் வழி. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நம் மொழிக்கு மாநிலம் இருக்கிறது, அந்த மாநிலத்துக்கு அணியும் இருக்கிறது, மோதுவதற்கு அதிகாரப்பூர்வமான கோப்பையும் இருக்கிறது. பாஸ்க் ரசிகர்கள் கேட்டுக் கிடைக்காதது நமக்குக் கேட்காமலே கிடைத்திருக்கிறது. ஆனால் தமிழ்நாடு அணி எப்போது ஆடுகிறது, யார் கேப்டன் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

'தமிழ்நாடு கால்பந்தில் என்ன வென்றது?' என்று அடுத்த முறை யாராவது கேட்டால் ஒன்றும் இல்லை என்று சொல்லாதீர்கள். ஆண்கள் இரண்டு முறை இறுதிவரை போனார்கள், பெண்கள் இரண்டு முறை வென்றார்கள், கேரளாவின் முதல் கோப்பைக்கே பயிற்சி கொடுத்தவர் நம் ஆள் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் குமரிக் கடற்கரைக்கு ஒரு மாலை நேரத்தில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். மணலில் ஓடும் அந்தப் பையன்களில் எத்தனை பேருக்கு நாளைக்கு வேலை கிடைக்கும் என்பதில்தான் நம் சந்தோஷ் டிராபி இருக்கிறது.