பெயரிட்டோம், எண்ணினோமா?

ஐப்பசி அடைமழை சற்றே ஓய்ந்து, கார்த்திகையின் இளவெயில் முகம் காட்டும் காலைப் பொழுதுகளில் திருச்சிராப்பள்ளியைச் சுற்றியுள்ள தரிசு நிலங்கள் தம் கோலத்தை மாற்றிக் கொள்கின்றன. பங்குனி, சித்திரையில் கரிந்து கிடந்த அதே மேய்ச்சல் வெளிகளிலும், வாய்க்கால் கரைகளிலும், காவிரிப் படுகையின் நாணற் காடுகளிலும் முழங்காலளவு பசுமை எழுகின்றது. அப்பசுமையின்மீது வண்ணத்துப்பூச்சிகள் தோன்றுகின்றன. சிறு வயதில் அவற்றைத் துரத்தாதவர் நம்முள் எவருமில்லை. ஆனால் அவற்றை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

இக்கேள்வியை நாமாக எழுப்பிக் கொள்ளவில்லை. நமது பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு குறிப்பேட்டின் வழியாக அதை நம்முன் வைத்தார். அந்த நிகழ்ச்சியைப் பின்னர் கூறுவோம். அதற்கு முன், நம் மண்ணின் வண்ணத்துப்பூச்சிகள் அறிவுலகின் ஏடுகளில் ஏறிய வரலாற்றைச் சிறிது காண்போம்.

டிராய் நகரத்து வீரன்

கருஞ்சிறகில் வெண்பட்டைகளும் செந்நிறப் புள்ளிகளும் கொண்டு, உடல் முழுவதும் குங்குமச் சிவப்பாய்த் திகழும் வண்ணத்துப்பூச்சி ஒன்று நம் ஊர்ப் பக்கங்களில் உண்டு. 'சிவப்புடல் அழகி' என்று இன்று தமிழில் வழங்குகின்றனர். இதற்கு அறிவியற் பெயரிட்டவர் சுவீடன் நாட்டு லின்னேயஸ். ஆண்டு 1758. பெருஞ்சிறகுடைய வண்ணத்துப்பூச்சிகளுக்கு டிராய்ப் போரின் மாந்தர் பெயர்களைச் சூட்டிய அவர், மார்பில் குருதிக் கறை போன்ற சிவப்புடைய கரிய இனங்களை டிராய்த் தரப்பு வீரர்களாக வகுத்தார். அவ்வகையில் நம் சிவப்புடல் அழகிக்கு வாய்த்த பெயர், போரில் மாண்ட மாவீரன் 'ஹெக்டர்'.

லின்னேயஸ் இந்திய மண்ணை மிதித்தவரல்லர். அவரிடம் பயின்ற மாணவருள் ஒருவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் தரங்கம்பாடி லுத்தரன் மிஷனின் மருத்துவராக நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். பின்னர் ஆற்காட்டு நவாபிடமும் பணியாற்றினார். நோயாளரைக் கவனித்த நேரம் போக எஞ்சிய பொழுதையெல்லாம் செடிகளையும் பூச்சிகளையும் தேடித் திரிவதிலேயே கழித்தார். தாம் சேர்த்தவற்றில் பலவற்றை ஐரோப்பாவுக்கு அனுப்பி வைத்தார். அவர் அனுப்பிய பூச்சிகள் பலவற்றை விவரித்துப் பெயரிட்டவர் ஃபாப்ரிசியஸ். தமிழ் அகராதி தொகுத்த சென்னை ஃபாப்ரிசியஸ் ஐயரோடு இவரைக் குழப்பிக் கொள்ளலாகாது; இவர் டென்மார்க் நாட்டுப் பூச்சியியல் அறிஞர் யோஹான் கிறிஸ்டியன் ஃபாப்ரிசியஸ். கோனிக் 1785-இல் ஆந்திரக் கடற்கரையில் காக்கிநாடா அருகே மறைந்தார்.

அடுத்த நூற்றாண்டில் ஆங்கிலேய அறிஞர் ஃபிரெடரிக் மூர், நீல வரியன் முதலிய சில இனங்களை ஒரு பேரினமாகத் தொகுத்து, 1880-இல் அதற்கு 'திருமலா' என்று பெயரிட்டார். திருவரங்கத்துத் தீவில் பறக்கும் ஒரு பூச்சியின் இலத்தீன் பெயர் வரிசையில் இச்சொல்லைக் கேட்கும்போது நமக்கு வியப்பும் மகிழ்ச்சியும் உண்டாவது இயல்பே.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்கள் நமக்கு விட்டுச் சென்றவை பெயர்களும் ஊசி குத்திய உடல்களுமே. ஒரு குறிப்பிட்ட வயலில், ஒரு குறிப்பிட்ட மழைக்காலத்தில், எத்தனை பறந்தன என்ற கணக்கை எவரும் விட்டுச் செல்லவில்லை. அன்று அது தேவையென்றும் எவருக்கும் தோன்றவில்லை.

செடியைத் தேடியவர்கள்

வண்ணத்துப்பூச்சியின் வாழ்வு மலரில் தொடங்குவதன்று, இலையில் தொடங்குவது. பெரும்பாலான இனங்களின் புழுக்கள் தமக்கென விதிக்கப்பட்ட சில செடிகளையே உண்ணும். வட கன்னடத்தில் வனத்துறை அலுவலராயிருந்த டி. ஆர். பெல் என்பவர் புழுக்களைத் தாமே வளர்த்துப் பார்த்து, இந்தியச் சமவெளிகளின் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிய நெடுந்தொடரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1909 முதல் எழுதி வந்தார். எந்தப் புழுவுக்கு எந்தச் செடி என்ற அறிவு இத்தகையோரின் பொறுமையால் வளர்ந்தது.

செடிகளின் கணக்கில் நம் திருச்சிக்குத் தனிப் பெருமை உண்டு. 1844-இல் நாகப்பட்டினத்தில் தோன்றி, 1883-இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்த தூய வளனார் கல்லூரியில், 1967-இல் இராப்பினாட் உலர்தாவரக் காப்பகம் நிறுவப்பெற்றது. அதை உருவாக்கிய இயேசு சபைத் துறவி கே. எம். மேத்யூ அடிகளார், மலைகளிலும் சமவெளிகளிலும் பருவந்தோறும் களப்பயணம் செய்து, தமிழகக் கர்நாடகப் பகுதியின் தாவரங்கள் பற்றிய பெருநூலை 1980-களில் வெளியிட்டார். வண்ணத்துப்பூச்சி தேடுவோர் அந்நூலைப் புறக்கணிக்க முடியாது. செடி எங்கே என்றறிந்தால்தான் புழு எங்கே என்றறியலாம்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் காண்கிறோம். எலுமிச்சை, கறிவேப்பிலை, வில்வம் ஆகியவற்றை உண்ணும் வண்ணத்துப்பூச்சி நம் கொல்லைப்புறத்திலேயே பிழைத்துக் கொள்கிறது. அரளியை உண்ணும் வெண்புள்ளிக் கருப்பனுக்குத் திருவரங்கத்து நந்தவனங்கள் அடைக்கலம் தருகின்றன. எருக்கை உண்ணும் வெந்தய வரியனுக்கும் குறைவில்லை. நாம் விரும்பி வளர்ப்பவற்றையோ, நம்மால் அழிக்கவே முடியாதவற்றையோ சார்ந்து வாழ்பவை இவை. ஆனால் சிவப்புடல் அழகியின் புழு உண்பது ஆடுதின்னாப்பாளையும் அதன் உறவான ஈசுவரமூலியும். ஆடும் தின்னாத கசப்புச் செடியின் நஞ்சைத் தன்னுள் ஏற்றுக்கொண்டு, பறவையும் தீண்டாத உடலைப் பெறுகிறது அது. சிறகின் நுனி மட்டும் செந்நிறமாயிருக்கும் ஒரு வெள்ளை வண்ணத்துப்பூச்சி விழுதிச் செடியில் முட்டையிடும். அதற்கு ஃபாப்ரிசியஸ் 1775-இல் 'டனாயே' என்று பெயரிட்டார். ஆடுதின்னாப்பாளைக்கும் விழுதிக்கும் நாம் வைத்திருக்கும் பொதுப்பெயர் 'களை' என்பது. அவை வளரும் நிலத்துக்கு வைத்திருக்கும் பெயர் 'தரிசு'.

ஒரு புல்வெளியின் பாடம்

இங்கே நம் பார்வையைச் சற்றுத் தொலைவிலுள்ள வட அமெரிக்காவின் பெரும் புல்வெளிகளுக்குத் திருப்புவது பயன் தரும். ஆளுயரப் புற்கள் கடல்போல் விரிந்திருந்த அவ்வெளிகளை 19-ஆம் நூற்றாண்டில் குடியேறியோர் ஏரால் உழுது கோதுமையும் சோளமும் விதைத்தனர். உயர்புல் வெளிகளில் இன்று எஞ்சியிருப்பது மிகச் சிறு பகுதியே. அங்கே 'பவஷீக்' என்னும் மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய பழுப்பு நிறச் சிறு வண்ணத்துப்பூச்சி ஒன்று உண்டு. ஆண்டில் சில வாரங்களே, சூன் இறுதியிலும் சூலையிலும், அது பறக்கும். அந்தச் சில வாரங்களில் ஆய்வாளர் புல்வெளியில் நடந்து எண்ணியாக வேண்டும்; தவறினால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும்.

ஒரு காலத்தில் அவ்வெளிகளில் மிகச் சாதாரணமாகக் காணப்பட்ட இனம் அது. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில், ஓரிடத்துக்குப் பின் ஓரிடமாக, குறிப்பேடுகளில் அதன் எண்ணிக்கை வீழ்ந்தது. 2014-இல் அமெரிக்க அரசு அதனை அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவித்தது. அவ்வளவு விரைவாக ஏன் மறைந்தது என்பதை இன்றும் ஆராய்ந்து வருகின்றனர். ஆனால் மறைந்தது என்பதையாவது அவர்கள் அறிந்தனர். காரணம், ஆண்டுதோறும் அதே நிலத்துக்குத் திரும்பிச் சென்று எண்ணியிருந்தனர்.

இவ்வாறு எண்ணும் முறையை ஒழுங்குபடுத்தியவர் இங்கிலாந்தின் எர்னஸ்ட் பொலார்ட். 1976 முதல் அந்நாடு முழுவதும் இம்முறை நடைமுறையில் உள்ளது. முறை மிக எளியது. ஒரே பாதை, வாரம் ஒருமுறை நடை, இருபுறமும் குறித்த அகலத்துக்குள் தென்படுவதை மட்டும் எழுதுதல். வெயிலும் காற்றும் குறிக்கப்பட வேண்டும். எதுவும் தென்படாவிடில் சுழியம் என்று எழுத வேண்டும். கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது. வெறுங்கட்டம் நாம் பார்க்கவில்லை என்று பொருள்படும். சுழியமோ நாம் பார்த்தோம், அது இல்லை என்று சான்று பகரும்.

இரு நதிகளுக்கு நடுவே

நம் நாட்டிலும் விழிப்பு பிறக்காமலில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பிற்காலத்தில் சிவப்புடல் அழகியும் இடம்பெற்றது. பூனாவைச் சேர்ந்த கிருஷ்ணமேக் குந்தே 2005-இல் வெளியிட்ட ஆய்வு, நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் முதலியவை பருவமழைகளை ஒட்டி மேற்குமலைத் தொடருக்கும் கிழக்கிலுள்ள மலைகளுக்கும் சமவெளிகளுக்கும் இடையே வலசை செல்வதை விளக்கியது. 'தமிழ் மறவன்' என்னும் இனத்தைத் தமிழக அரசு 2019-இல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது.

திருவரங்கத்தை அடுத்த மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, மேலணைக் காப்புக்காட்டில் 25 ஏக்கர் அளவில் வனத்துறை அமைத்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015 நவம்பரில் திறக்கப்பட்டது. பூவுக்குரிய செடிகளோடு புழுவுக்குரிய செடிகளையும் அங்கே நட்டுள்ளனர். நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் அங்குக் கண்டறியப்பட்டுள்ளன. மறைக்கல்விச் சிறாரை அழைத்துச் சென்ற நாளில், இலையின் அடியில் ஒட்டியிருந்த ஒரு கூட்டுப்புழுவை அவர்கள் வாய் பேசாது நின்று பார்த்ததை மறக்க இயலாது.

ஆனால் பூங்காவின் வேலிக்குள் இருப்பது 25 ஏக்கர். வேலிக்கு வெளியே இருப்பது மாவட்டம் முழுவதும்.

கல்லறைத் தோட்டத்தின் குறிப்பேடு

இனி, தொடக்கத்தில் கூறிய நிகழ்ச்சிக்கு வருவோம். விலங்கியல் பயிலும் அம்மாணவர், நமது பங்கின் கல்லறைத் தோட்டத்தில் சனிக்கிழமை தோறும் காலையில் நடந்து எண்ண அனுமதி கேட்டார். வேறெங்கும் இடமில்லையா என்று கேட்டோம். "சுற்றிலும் மனைகளாகி விட்டது, ஃபாதர். உழாமல், கட்டாமல் கிடக்கும் பழைய நிலம் இது ஒன்றுதான்" என்றார். அனுமதித்தோம். மேற்குச் சுவரோரம் பழைய கல்லறைகளுக்கிடையே ஆடுதின்னாப்பாளை படர்ந்திருப்பதையும், சிவப்புடல் அழகி தாழப் பறந்து அதில் முட்டையிடுவதையும் ஒருநாள் நமக்குக் காட்டினார். செம்முட்கள் போன்ற தசைக்கூர்கள் கொண்ட கரும்புழுவை அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம். இருபதாண்டுகளுக்கு மேலாக எத்தனையோ உடல்களை அந்தச் சுவரருகே மந்திரித்து அடக்கம் செய்த நாம், காலடியில் இருந்ததைக் கண்டதில்லை.

அடுத்த ஆண்டு நவம்பர் 2 நெருங்கியது. கல்லறைத் திருநாளுக்கு மக்கள் வருவார்கள். பூவும் மெழுகுதிரியும் வைக்க இடம் சுத்தமாயிருக்க வேண்டும். ஆட்கள் கிடைக்கவில்லை. ஆகவே களைக்கொல்லி தெளிக்கச் சொன்னோம். கோயில்பிள்ளை தயங்கி, "அந்தத் தம்பி பார்க்கிற இடமும் சேர்த்தா, சாமி?" என்று கேட்டார். எல்லா இடமும்தான் என்று கூறிவிட்டு வேறு வேலையில் மூழ்கினோம். திருநாள் சிறப்பாக நடந்தது. தோட்டம் சுத்தமாயிருந்ததென்று பலரும் பாராட்டினர்.

அதற்கடுத்த சனிக்கிழமை மாணவர் வழக்கம்போல் வந்து நடந்தார். புறப்படுமுன் குறிப்பேட்டை நம்மிடம் காட்டினார். ஒரு சொல்லும் குறைகூறவில்லை. சிவப்புடல் அழகியின் கட்டத்தில் சுழியம் என்று எழுதியிருந்தார். மழைக்குப்பின் அது மிகுந்து பறக்க வேண்டிய வாரம் அது.

குருமடத்தில் தொடக்க நூலைப் பயின்ற நாட்களில் கவனியாத ஓர் ஒழுங்கு அன்றிரவு நம் நினைவில் உறைத்தது. உயிரினங்களுக்குப் பெயரிடும் உரிமை மனிதனுக்குத் தரப்பட்டதைப் பலமுறை மறையுரையில் கூறியுள்ளோம். ஆனால் இரண்டாம் அதிகாரத்தில் அதற்கு முன்பே, தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் வேண்டிய கடமை அவனுக்குத் தரப்பட்டிருக்கிறது. காத்தல் முதலில், பெயரிடல் பின்னர். நம் வரலாற்றில் இவ்வரிசை தலைகீழாயிற்று. 1758-இல் பெயர் வந்தது. காப்பு வருவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு மேலாயின. சட்டம் வந்த பின்னரும், ஒரு கல்லறைத் தோட்டத்தில் அதைப் பொருளற்றதாக்க நமது ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

சிவப்புடல் அழகி உலகிலிருந்து மறைந்துவிடவில்லை. இன்றும் பல ஊர்களில் அது சாதாரணமாகப் பறக்கிறது. இராமேசுவரத்தில் பெருங்கூட்டமாய்த் திரள்வதும் உண்டு. இதைச் சொல்லி மனத்தைத் தேற்றிக் கொள்ளலாம். ஆனால் பவஷீக் புல்வெளியின் பூச்சியும் ஒரு காலத்தில் சாதாரணமாகவே இருந்தது.

அதன்பின் மேற்குச் சுவரோரம் பத்தடி அகலத்துக்கு மருந்து தெளிப்பதில்லை என்று பங்குப் பேரவையில் முடிவு செய்தோம். 'இறந்தோரை மதிக்காத செயல்' என்று சிலர் வருந்தினர். அவ்வருத்தத்தில் நியாயம் இல்லாமலில்லை. அங்குள்ள கல்லறைகளின் குடும்பத்தாரை ஒவ்வொருவராகச் சந்தித்துப் பேசினோம். இப்போது கல்லறைகளைச் சுற்றிக் கையால் களையெடுக்கிறோம், இடைவெளிகளை விட்டுவிடுகிறோம். வேர் நிலத்துக்குள் பிழைத்திருந்ததால் ஆடுதின்னாப்பாளை மறு மழையில் துளிர்த்துவிட்டது.

மாணவர் படிப்பை முடித்து வேறு ஊருக்கு வேலைக்குச் சென்றுவிட்டார். குறிப்பேட்டை நம்மிடம் ஒப்படைத்தார். சனிக்கிழமைகளில் எட்டரை மணிக்கு, திருப்பலி முடிந்து, நாமே நடக்கிறோம். வெந்தய வரியனும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியும் வருகின்றன, அவற்றை எழுதுகிறோம். சிவப்புடல் அழகியின் கட்டத்தில் இவ்வாரமும் சுழியமே எழுதினோம். செடி இருக்கிறது, மழையும் பெய்திருக்கிறது. அடுத்த சனிக்கிழமையும் நடப்போம்.