சித்திரைப் பண்டிகையும் மாட்டுவண்டிச் சவாரியும்

யாழ்ப்பாணக் கிராமங்களிலே சித்திரை வருடப்பிறப்பென்றால் மருத்துநீரும் கைவிசேடமும் மாத்திரமல்ல. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வீட்டில் ஒருவரும் தங்கார். பெண்களும் சிறுவரும் மரத்தடி ஊஞ்சலுக்குச் செல்வர். வாலிபர் போர்த்தேங்காய் அடிப்பர். தடித்த ஓடுடைய தேங்காயொன்றை நிலத்தில் வைத்து மற்றொன்றால் மோதுவர், உடைந்தது தோற்றது.

ஆயினும் ஊரையே வெளியில் இழுத்தது மாட்டுவண்டிச் சவாரிதான். ஒவ்வொன்றிலும் இரண்டு மாடு பூட்டிய வண்டிகள் சோடி சோடியாய்ப் புழுதி கிளப்பிப் பாயும்போது, கிழவர்களும் வயதை மறந்து கூவுவர். லொறியும் உழவு இயந்திரமும் பரவுமுன் வயலை உழுததும் பாரம் இழுத்ததும் மாடே. பண்டிகையில் ஓடும் மாடு மறுவாரம் நுகத்துக்குத் திரும்பவேண்டுமானால், அதைக் காயப்படுத்த உடையவன் மனம் எளிதில் இடங்கொடாது. இயந்திரங்கள் வந்தபின் சவாரிக்கென்றே மாடு வளர்ப்போர் மிஞ்சினர். வெற்றியே அம்மாட்டின் வேலையாயிற்று. வால் முறுக்குவதும் ஆணிக்கம்பாற் குத்துவதும் இன்று பெரிதாகக் கண்டிக்கப்படுவது இதனாலேயே. மிருகவதையைத் தடுக்கும் கட்டளைச்சட்டமோ இலங்கையில் 1907ஆம் ஆண்டு முதலே உண்டு!

1983க்குப் பிந்திய போர்க்காலத்தில் பல திடல்கள் வெறிச்சோடின. 2009க்குப் பின் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளிற் சவாரி மீண்டும் களைகட்டியது. குழந்தைகளைத் தோளிலேற்றித் தகப்பன்மார் வருகிறார்கள். அக்குழந்தைகளின் கண்ணுக்கு முதலில் தெரிவது மாட்டின் முதுகு. அதில் இரத்தம் வழிந்தால், ஏனென்று கேட்கத்தான் செய்வார்கள்.