வலையமைப்புக் கண்காணிப்புக் கமரா: தீவகப் பயன்பாடு

வலையமைப்புக் கண்காணிப்புக் கமரா என்பது, தான் காணும் காட்சியைத் தனக்குள்ளேயே டிஜிட்டல் தரவாக மாற்றிச் சுருக்கி, கணினி வலையமைப்பு வழியாக அனுப்பும் கருவி. கடையில் ஐபி கமரா என்று கேட்டால் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். அனலொக் கமரா காட்சியை மின்குறியாகவே கோஅக்சியல் கேபிளில் அனுப்பும். மறுமுனையிலுள்ள டிவிஆர் என்ற பதிவுப் பெட்டிதான் அதைத் தரவாக மாற்றும். வலையமைப்பு வகைக்கான பதிவுப் பெட்டியை என்விஆர் என்பார்கள்.

யாழ் நகரிலிருந்து பண்ணைப் பாலம் வழியாகத் தீவகத்துக்குள் வருவோர், மண்டைதீவுச் சந்தியைத் தாண்டினால் அல்லைப்பிட்டியை அடைவர். வேலணைத் தீவின் கிழக்கு முனையிலுள்ள ஊர் இது. இங்கும், அப்பால் மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு எங்கும், போர்க்கால இடப்பெயர்வுக்குப் பின் பிள்ளைகள் கனடா, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, இங்கிலாந்து என்று போய்விட்ட குடும்பங்கள் பல. வளவில் வயதான பெற்றோர் இருப்பர், அல்லது பூட்டிய வீடு மட்டும் இருக்கும். கமரா பூட்டப்படுவது அல்லைப்பிட்டியில். அதைப் பார்ப்பவர் இருப்பது ரொறன்ரோவில். வலையமைப்புக் கமராவின் அனுகூலங்களை இந்த நிலைமையில் வைத்தே எடைபோட வேண்டும்.

கண்காணிப்புக் கமராவுக்கு அடிப்படையான மூடிய சுற்றுத் தொலைக்காட்சியின் வரலாறு 1942 இல் ஜேர்மனியின் பீனமுண்டேயில் தொடங்குகிறது. வி-2 ரொக்கெற் ஏவப்படுவதை ஆபத்தில்லாத தூரத்திலிருந்து பார்ப்பதற்காக அங்கே கமரா நிறுத்தப்பட்டது. வலையமைப்புக் கமராவுக்கு வயது குறைவு: சுவீடனின் லுண்ட் நகரைச் சேர்ந்த அக்சிஸ் நிறுவனம் 1996 இல் வெளியிட்ட நெற்ஐ 200 தான் முதலாவது. அசையும் படத்தைத் தொடர்ச்சியாக அனுப்ப அதனால் முடியவில்லை. 2003 இல் எச்.264 சுருக்க முறையும், ஒரே கேபிளில் தரவையும் மின்சாரத்தையும் கொண்டுசெல்லும் பிஓஇ தரமும் வந்த பிறகே இவ்வகை பரவலாகியது. 2008 இல் அக்சிஸ், பொஷ், சொனி ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து ஒன்விஃப் அமைப்பைத் தொடங்கின. ஒரு நிறுவனத்தின் கமராவை இன்னொரு நிறுவனத்தின் பெட்டியில் இணைக்க முடிவது அதன் பயன்.

முதல் அனுகூலம் படத்தின் தெளிவு. மற்ற எதையும்விட இதற்கே அதிக எடை கொடுக்க வேண்டும். இலங்கையிலும் இந்தியாவிலும் வழங்கிய பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையைப் பின்பற்றிய பழைய அனலொக் கமராவின் படம், பதிவாகும்போது 720 க்கு 576 படப்புள்ளிகளைத் தாண்டாது. மொத்தம் சுமார் 4 இலட்சம். முழு எச்டி வலையமைப்புக் கமராவில் 1920 க்கு 1080, அதாவது 20 இலட்சத்துக்கு மேல். 4கே கமராவில் சுமார் 83 இலட்சம். இந்த எண்களைப் படலையடிக்குக் கொண்டுவந்து பார்த்தால்தான் பொருள் விளங்கும். முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தைப் படத்தைக் கொண்டு அடையாளம் காட்ட, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீற்றர் அகலத்துக்கு 250 படப்புள்ளிகள் வேண்டும் என்கிறது ஐஈசி 62676-4 என்ற சர்வதேசத் தரம். ஏற்கெனவே தெரிந்த ஒருவரை இனங்காண 125 போதும்.

படலையும் அதன் இருபுறத்து வேலியும் சேர்ந்து 10 மீற்றர் அகலம் படத்தில் விழுகிறது என்று கொள்வோம். பழைய அனலொக் கமராவில் மீற்றருக்கு 72 புள்ளிகள்தான் கிடைக்கும்: யாரோ வந்தார் என்று தெரியும், யார் என்று தெரியாது. முழு எச்டியில் 192: அயலவராக இருந்தால் ஆளைச் சொல்லிவிடலாம். 2560 புள்ளி அகலமுள்ள 4 மெகாபிக்சல் கமராவில் 256: அந்நியரின் முகமும் அடையாளம் காட்டும் அளவுக்கு வந்துவிடுகிறது. கமரா விற்பவர் பெட்டியின் மேலுள்ள மெகாபிக்சலைச் சொல்வார். வாங்குபவர் கேட்க வேண்டியது படலையடியில் மீற்றருக்கு எத்தனை புள்ளி என்பதையே.

தெளிவில்லாத படம் எதில் கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழ்நாடு 2016 இல் கண்டது. யூன் 24 காலை சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, நிலையத்தில் கமரா இல்லை. அருகிலிருந்த தெருக் கமராக்களில் பதிந்திருந்த மங்கலான உருவத்தையே பொலிஸார் முதலில் வெளியிட வேண்டியிருந்தது. அதன் பின்னர் சென்னை மாநகரக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ என்ற பெயரில் தெருக்கள்தோறும் கமரா பொருத்தும் திட்டத்தை முன்னெடுத்தது.

பழைய அனலொக் படத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. ஒவ்வொரு படச்சட்டமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரு பாதிகளாக, சிறு இடைவெளியில் எடுக்கப்படுகிறது. ஓடுபவரை நிறுத்திப் பார்த்தால் விளிம்புகள் சீப்புப் பல் போல் பிரிந்து நிற்கும். வலையமைப்புக் கமரா முழுச் சட்டத்தையும் ஒன்றாகவே தருகிறது. மோட்டார் சைக்கிளின் இலக்கத் தகட்டை வாசிப்பதில் இந்த வேறுபாடு பெரிது.

அடுத்தது மின்சாரம். பிஓஇ முறையில் மின்சாரம் சுமார் 48 வோல்ற்றில், வலையமைப்புக் கேபிளிலேயே போகிறது. ஒரு கமராவுக்கு அனுப்பக்கூடிய 15.4 வோற் சாதாரண இரவுக் கமராவுக்குப் போதும். பிஓஇ சுவிச், என்விஆர், றூட்டர் மூன்றையும் ஒரு யூபிஎஸ்ஸில் போட்டுவிட்டால், மின்வெட்டிலும் வளவு முழுவதும் கண்காணிப்பில் இருக்கும். 2022 இல் இலங்கை நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டைக் கண்டது. அத்தனை நேரத்துக்குச் சாதாரண யூபிஎஸ் தாங்காது, சூரியப் படலும் பற்றரியும் வேண்டும். அனலொக் கமராவுக்கும் 12 வோல்ற்றைத் தனி வயரில் கொண்டுபோகலாம். ஆனால் வளவின் கோடிக்குப் போகும்போது மின்னழுத்தம் விழுந்து, இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும் நேரத்தில் படம் போய்விடும்.

கடற்கரை ஊருக்குச் சொல்ல வேண்டியவை வேறும் உள்ளன. உப்புக்காற்று இரு வகைக் கமராவின் பொருத்துமுனைகளையும் அரிக்கும். இணைப்பு நீர்புகாப் பெட்டிக்குள் இருக்க வேண்டும், ஆணியும் தாங்கியும் துருப்பிடிக்காத உருக்காக இருக்க வேண்டும். இடிமின்னல் மாதங்களில் செம்புக் கேபிள் வழியாக வரும் மின்தாக்கு பெட்டியையே எரித்துவிடும். கோயிலுக்கும் மடத்துக்கும் இடையே, அல்லது வீட்டுக்கும் கடைக்கும் இடையே ஃபைபர் கேபிள் இழுத்தால் இந்த ஆபத்து அந்த வழியில் இல்லை. வலையமைப்புக் கமராக்களுக்கு இது இயல்பாகப் பொருந்தும்.

வெளிநாட்டிலிருந்து பார்ப்பது பலரும் முதலில் கேட்கும் வசதி. இணையத்துடன் இணைத்த டிவிஆரும் இதைச் செய்யும் என்பதால், இது வலையமைப்புக் கமராவுக்கு மட்டும் உரியதல்ல. அதன் தனிச்சிறப்பு, ஒரே நேரத்தில் இரண்டு தரத்தில் படத்தைத் தருவது: தெளிவான படம் உள்ளூர் ஹாட் டிஸ்க்குக்கு, சிறிய படம் கைத்தொலைபேசிக்கு. 4ஜி இணைப்பை நம்பியிருக்கும் வீட்டுக்கு இது முக்கியம். கமராவுக்குள்ளேயே நினைவட்டை போட்டுக்கொள்ளலாம். திருடன் என்விஆரைத் தூக்கிச் சென்றாலும் படம் கமராவில் இருக்கும். எச்.265 சுருக்க முறையில் செக்கனுக்கு 2 மெகாபிற் அளவில் பதியும் ஒரு கமராவுக்கு நாளொன்றுக்கு சுமார் 21.6 ஜிகாபைற் தேவை. நான்கு கமராக்கள் என்றால் 2 ரெராபைற் டிஸ்க் ஏறத்தாழ 23 நாள் தாங்கும்.

அனலொக் வகை எல்லா இடத்திலும் தோற்றுவிடவில்லை. வலையமைப்புக் கேபிள் 100 மீற்றரோடு நின்றுவிடும். கோஅக்சியல் அதைவிட நெடுந்தூரம் போகும். இன்று விற்கும் ரிவிஐ, சிவிஐ வகை எச்டி அனலொக் கமராக்கள் முழு எச்டி தெளிவையும் அதற்கு மேலும் தருகின்றன. வீட்டில் நல்ல கோஅக்சியல் கேபிள் ஏற்கெனவே இருந்தால், அதை அப்படியே வைத்துக்கொண்டு எச்டி அனலொக்குக்கு மாறுவதே செலவு குறைந்த வழி. புதிதாக இழுப்போருக்கு வலையமைப்பு வகையே சரி.

வலையமைப்புக் கமரா ஒரு கணினி என்பதால், கணினிக்குரிய ஆபத்தும் அதற்கு உண்டு. 2016 இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட கமராக்களையும் டிவிஆர்களையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. அவ்வாண்டு ஒக்டோபர் 21 இல் அவற்றைக் கொண்டே அமெரிக்காவின் டைன் நிறுவனம் தாக்கப்பட்டு, டுவிற்றர் உட்பட பல தளங்கள் முடங்கின. பொருத்தியவர் வைத்த கடவுச்சொல்லை அன்றே மாற்றுவதும், மென்பொருளைப் புதுப்பிப்பதும் வீட்டுக்காரரின் கடமை.

கண்காணிக்கப்படுவதில் அல்லைப்பிட்டிக்குத் தனிக் கவலை உண்டு. 2006 மே 13 இல் இவ்வூரிலும் அயலூர்களிலும் பொதுமக்கள் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆகஸ்டில் புனித பிலிப் நேரி ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்தோர் எறிகணையில் மாண்டனர். பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் ஆகஸ்ட் 20 முதல் காணாமற்போனார். காவலரண்களின் பார்வையில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த மக்கள், ஒழுங்கையை நோக்கிய ஒரு கமராவைக் கண்டு யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனியாரின் வீட்டுத் தேவைக்கான பதிவுக்கு விலக்கு அளிக்கிறது. கடை, பாடசாலை, கோயில் போன்றவற்றுக்கு அந்த விலக்கு இல்லை. சட்டம் விலக்கு அளித்தாலும், அயலவரின் கிணற்றடியும் முற்றமும் படத்தில் விழாதபடி கமராவைத் திருப்புவதே முறை.

பதிவை நீதிமன்றம் ஏற்பதற்கு 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வழிவகுக்கிறது. கருவி சரியாக இயங்கியது, பதிவில் கைவைக்கப்படவில்லை அல்லது அது பாதுகாப்பில் இருந்தது என்று காட்ட வேண்டும். இங்கே நேரம் முக்கியம்: வலையமைப்புக் கமராக்கள் இணைய நேரத்தோடு தம்மைத் தாமே சரிசெய்துகொள்ளும், கவனிக்காமல் விட்ட டிவிஆரின் மணிக்கூடு பிந்தியும் முந்தியும் ஓடும். களவு நடந்தால், கைத்தொலைபேசியால் திரையைப் படம்பிடித்து முகநூலில் போடாதீர்கள். மூலப் பதிவைப் பெட்டியிலிருந்து அப்படியே பிரதியெடுத்து, டிஸ்க் நிரம்பிப் பழையது அழிவதற்கு முன் ஊர்காவற்றுறைப் பொலிஸில் முறைப்பாட்டோடு ஒப்படையுங்கள்.