பிறப்புறுப்பு ஹெர்பிஸ்: "யாரிடமிருந்து வந்தது?" என்ற கேள்வி

திருமணமாகிப் பல ஆண்டுகள் சென்ற பின்னர் தம்பதியரில் ஒருவருக்குப் பிறப்புறுப்பில் வலியுடன் கொப்புளங்கள் தோன்றி, அது ஹெர்பிஸ் என்று மருத்துவர் கூறும்போது, முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் சிகிச்சையைப் பற்றியதாக இருப்பதில்லை. இது யாரிடமிருந்து வந்தது என்பதே அது. கணவர் முதலில் பிரிட்டனுக்கோ கனடாவுக்கோ வந்து, மனைவி சில ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களில் அந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். ஆனால் இந்த வைரஸின் இயல்பைப் பார்த்தால், பல சமயங்களில் அதற்கு உறுதியான விடை கிடையாது.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸில் இரு வகைகள் உண்டு. முதல் வகை பொதுவாக உதட்டோரப் புண்ணை உண்டாக்குவது. குழந்தைப் பருவத்தில் உறவினர் தரும் முத்தத்தினாலேயே பலருக்கும் தொற்றிவிடுவது. இரண்டாம் வகை பாலுறவின் மூலம் பரவுவது. ஆனால் வாய்வழிப் பாலுறவினால் முதல் வகையும் பிறப்புறுப்பை அடைகிறது. எப்போதோ உதட்டில் புண் வந்த துணைவரிடமிருந்தே, மூன்றாவது நபர் எவரும் இல்லாமல், இது வந்திருக்கக்கூடும்.

தமிழில் அக்கி என்று வழங்கப்படுவது வேறு நோய். சின்னம்மையை உண்டாக்கும் வைரஸ் பிற்காலத்தில் மீண்டும் கிளர்ந்தெழுவதால் அது வருகிறது. இரண்டும் ஒரே வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால் பெயர்க் குழப்பம் நேர்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டுக்கெனச் செய்த மதிப்பீட்டின்படி, 15 முதல் 49 வயது வரையிலானவர்களில் சுமார் 84 கோடி பேருக்குப் பிறப்புறுப்பு ஹெர்பிஸ் தொற்று இருந்தது. இவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரிவதில்லை. தெரிந்தாலும் பூஞ்சை அரிப்பு என்றோ, சவரக் காயம் என்றோ எண்ணிவிடுகிறார்கள்.

முதல் முறை வெளிப்படும்போது காய்ச்சல், அடிவயிற்றுக்குக் கீழே தொடை இடுக்கில் நெறிகட்டுதல், சிறுநீர் கழிக்கையில் கடும் எரிச்சல் ஆகியவை சேர்ந்து வரலாம். புண்கள் ஆற இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை ஆகும். அதன் பிறகு வைரஸ் முதுகுத்தண்டின் அடிப்பகுதியை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடக்கிறது. மீண்டும் தலைகாட்டும்போது உபாதை குறைவாகவே இருக்கும். சிலருக்கோ தொற்றி மாதங்களோ ஆண்டுகளோ ஆன பிறகுதான் முதல் கொப்புளமே தெரிகிறது. ஆகவே இன்று தோன்றிய புண் அண்மையில் நிகழ்ந்த துரோகத்துக்குச் சான்று ஆகாது.

இரத்தப் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடும் என்று நம்புவோரும் உண்டு. எதிர்ப்பொருள்களைத் தேடும் அந்தப் பரிசோதனை, தொற்று எப்போது ஏற்பட்டது என்றோ, யாரால் ஏற்பட்டது என்றோ சொல்லாது. தொற்றிய முதல் வாரங்களில் எதையும் காட்டாமலும் போகலாம். இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டுவதும் உண்டு. அறிகுறி இல்லாதவர்களுக்கு இதைப் பொதுவாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு நிபுணர் குழு 2016இலும் 2023இலும் பரிந்துரைத்தது. நம்பகமான வழி, புண் ஆறுவதற்கு முன் அதிலிருந்து பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துச் சோதிப்பதே.

புண் இல்லாத நாட்களிலும் வைரஸ் வெளிப்படுகிறது. 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அறிகுறி ஏதும் காணாத இரண்டாம் வகைத் தொற்றாளர்களிடமும் சுமார் 10 சதவீத நாட்களில் வைரஸ் தென்பட்டது. ஆணுறை ஆபத்தைக் குறைக்கிறது, முற்றாக நீக்குவதில்லை. துணைவர்களில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த 1,484 தம்பதியரிடையே நடந்து 2004இல் வெளியான ஆய்வில், தொற்றுள்ளவர் தினமும் வலாசைக்ளோவிர் மாத்திரை உட்கொண்டதால் மற்றவருக்குத் தொற்றுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நோயை அடியோடு நீக்கும் மருந்தோ, தடுப்பூசியோ இதுவரை இல்லை. கழிப்பறை இருக்கையாலோ நீச்சல் குளத்தாலோ இது பரவுவதில்லை.

மௌனம் உண்மையிலேயே ஆபத்தாகும் இடம் கர்ப்பகாலம். தாய்க்குக் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் முதன்முறையாகத் தொற்று ஏற்பட்டால், பிரசவத்தின்போது அது சிசுவைத் தாக்கி உயிரைக்கூடப் பறிக்கலாம். அந்நிலையில் மருத்துவர்கள் அறுவைச் சிகிச்சைப் பிரசவத்தைப் பரிந்துரைக்கிறார்கள். முன்பே தொற்று இருந்த தாயிடமிருந்து சிசுவுக்குப் பரவும் ஆபத்து மிகவும் குறைவு. எனவே கணவருக்கு ஹெர்பிஸ் இருந்து மனைவிக்கு இல்லாவிட்டால், கடைசி மூன்று மாதங்கள் உடலுறவைத் தவிர்ப்பது அவசியம். உதட்டுப் புண் உள்ளவர் வாய்வழிப் பாலுறவையும் தவிர்க்க வேண்டும். இதைக் கணவர் வெட்கத்தினால் மறைத்தால் விலை கொடுப்பது குழந்தை.

இங்கிலாந்தில் பாலியல் சுகாதார மருத்துவமனைகளுக்குக் குடும்ப மருத்துவரின் கடிதம் இன்றி நேரடியாகச் செல்லலாம். விசா நிலை எதுவாயினும் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். மொழிபெயர்ப்பாளர் தேவையெனில் கேட்டுப் பெறலாம். அந்தப் பணிக்கு மைத்துனரையோ வளர்ந்த பிள்ளையையோ அழைத்துச் செல்லாமல் இருப்பதே நல்லது.